சி8 டெலஸ்கோப்புக்கு வீட்லயே டியூ ஹீட்டர் (கண்ணாடில பனி பிடிக்காம லேசா சூடாக்கற பட்டை) பண்ணேன், ரெசிஸ்டர் கருகி நாறுது, எங்க தப்பு?

நிலாக்கிறுக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேன், கேள்வி கேக்கறது இதான் முதல் தடவ, தப்பா ஏதாவது கேட்டிருந்தா பொறுத்துக்கங்க.

என்கிட்ட இருக்கறது செலஸ்ட்ரான் சி8, 8 இஞ்சு டெலஸ்கோப். கார்த்திகை கடைசில ஜெமினிட்ஸ் எரிகல் மழை அன்னிக்கு ஜவ்வாது மலை அடிவாரத்துல ஃப்ரெண்டு வீட்டு கொல்லையில போட்டு உக்காந்தோம். வானம் அப்படி ஒரு சுத்தம், காத்து சுத்தமா இல்ல, பதினோரு மணி வரைக்கும் சொர்க்கம். அப்புறம் ஓரியன் நெபுலா கொஞ்சம் கொஞ்சமா மங்குது. மேகம்தான்னு நெனச்சு அண்ணாந்து பாத்தா வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் எல்லாம் பளிச்னு நிக்குது. செவப்பு டார்ச்ச முன்னாடி அடிச்சா முன்கண்ணாடி பூரா இட்லி குண்டான் மூடிய தொறந்து பாத்த மாதிரி முத்து முத்தா தண்ணி. ஃப்ரெண்டு பாசமா துண்டு நுனியால தொடைக்க வந்தான், நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் எல்லாம் எந்திரிச்சிருச்சு. அன்னிக்கு கதை அத்தோட முடிஞ்சுது, மிச்ச ராத்திரி பாய விரிச்சு எரிகல் எண்ணுனதுதான்.

சரி நாமளே ஒரு ஹீட்டர் பட்டை பண்ணிடுவோம்னு 100 ஓம் ரெசிஸ்டர் பத்து எடுத்து, கால் வாட் சைஸ், எல்லாத்தையும் பேரலலா போட்டேன். மொத்தம் 10 ஓம், 12 வோல்ட்டுக்கு 1.2 ஆம்ப், 14.4 வாட் வரணும். 8 இஞ்சுக்கு பத்து வாட்டுக்கு மேல இருந்தா போதும்னு எங்கயோ படிச்சேன், அதனால கணக்கு சரின்னு நெனச்சு யோகா மேட் துண்டுல ஒட்டி பேட்டரில மாட்டுனா ஒரு நிமிஷத்துல புகை. ரெசிஸ்டர் கருப்பாகி, மேட் உருகி, வீடு பூரா நாத்தம், அம்மா கிட்ட வாங்குன பாட்டு தனி. கணக்கு சரியாதானே இருக்கு, எங்க போச்சு? அப்புறம் இதுக்கு சூட்ட கூட்டி கொறைக்கற கன்ட்ரோலர் கட்டாயம் வேணுமா, இல்ல நேரா பேட்டரில குடுத்தா போதுமா? யுபிஎஸ்ல போடற 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி ஒண்ணு இருக்கு, அது ராத்திரி பூரா தாங்குமா?

சால்டரிங்_சாமி:

தம்பி, மொத்த கணக்கு சரி, தனித்தனி கணக்க விட்டுட்டீங்க. பேரலல்ல இருக்கற ஒவ்வொரு ரெசிஸ்டர் மேலயும் முழு 12 வோல்ட்டும் நிக்கும். 12-ஐ 12-ஆல பெருக்கி 100-ஆல வகுங்க, 1.44 வாட். கால் வாட் தாங்கற பயலுக்கு கிட்டத்தட்ட ஆறு மடங்கு சுமை. கருகாம என்ன பண்ணுவான்?

நெறய ரெசிஸ்டர், ஒவ்வொண்ணும் கொஞ்சமா சுடணும், அதான் இதுல சூட்சுமம். பல பேரு 330 ஓம் அரை வாட் போடுவாங்க, அது 12 வோல்ட்ல 0.44 வாட், பேப்பர்ல ஓகேதான். ஆனா கார் ஓடிட்டு இருக்கறப்ப சாக்கெட்ல எடுத்தா, இல்ல சார்ஜர் மாட்டுன பேட்டரில எடுத்தா 13.8, சில நேரம் அதுக்கு மேலயும் வரும், 13.8-லயே 0.58 வாட் ஆயிடும், அரை வாட்டத் தாண்டிருச்சு. அதுவும் துணிக்குள்ள மூடி வெச்சிருக்கறப்ப. அதனால நான் சொல்றது 470 ஓம் அரை வாட், மஞ்சள் வயலட் பிரவுன். 12 வோல்ட்ல ஒண்ணுக்கு 0.31 வாட், 13.8 வந்தாலும் 0.41-க்குள்ள நிக்கும். 33 எண்ணம் போட்டா 10 வாட் வந்துரும், கரண்ட் 0.84 ஆம்ப். சி8-ஓட முன் வளையத்த டேப் வெச்சு அளந்தா 73 செ.மீ. பக்கம் இருக்கும், அப்ப 2.2 செ.மீ.க்கு ஒண்ணு. ரெண்டு செப்புக் கம்பிய தண்டவாளம் மாதிரி போட்டு நடுவுல ஏணிப்படி மாதிரி ரெசிஸ்டர வெச்சு ஒட்டிட்டு வாங்க. கம்பி நல்லா வளையற மல்டி ஸ்ட்ராண்டா இருக்கணும், சிங்கிள் கம்பி போட்டீங்கன்னா நாலு தடவ சுத்தி கழட்டறதுக்குள்ள மூட்டு விட்டுரும்.

பேட்டரி கணக்கு சுலபம். 7 ஆம்ப்-அவர்ல பாதிதான் எடுக்கணும், லெட்-ஆசிட்ட அதுக்கு மேல உறிஞ்சுனா சீக்கிரம் செத்துரும். அப்ப 3.5. முழு பவர்ல 0.84 இழுத்தா நாலு மணி நேரம், கன்ட்ரோலர்ல பாதியா வெச்சா எட்டு மணி நேரம். இது புது பேட்டரிக்கு. யுபிஎஸ்ல அஞ்சு வருஷம் கெடந்து தூக்கிப் போட்டதுன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.

பேட்டரி பக்கத்துல 2 ஆம்ப் ஃப்யூஸ் ஒண்ணு கட்டாயம். சின்ன பேட்டரிதானேன்னு நெனைக்காதீங்க, ஷார்ட் ஆனா ஒயர் செவக்கும்.

மலையோரம்:

சாமி சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஹீட்டருக்கு முன்னாடி ஒரு கேள்வி, டியூ ஷீல்ட், அதான் டெலஸ்கோப் முன்னாடி மாட்டற குழாய் மாதிரி மறைப்பு, போட்டிருந்தீங்களா? பதிவுல அத பத்தி ஒரு வார்த்த இல்ல.

பனி மேலேருந்து மழை மாதிரி விழறதில்ல. "பனி இறங்குது"ன்னு சொல்லி சொல்லியே நமக்கு அப்படி தோணுது. கண்ணாடி தெளிஞ்ச வானத்தப் பாத்து தன் சூட்ட கதிர்வீச்சா விட்டுட்டே இருக்கும், திருப்பி தர மேலே மேகம் கூட இல்ல, அதனால சுத்தி இருக்கற காத்த விட ரெண்டு மூணு டிகிரி கீழ போயிடும். காத்துல இருக்கற ஈரம் வந்து அதுமேல ஒக்காரும். காலைல பைக்க பாருங்க, வெட்டவெளில விட்ட பைக் சீட்டு சொட்ட சொட்ட நனஞ்சிருக்கும், மாமரத்தடில நின்னது காஞ்சு கெடக்கும். ரெண்டுக்கும் ஒரே காத்து, ஒரே ஈரம்தான். மரத்தடி பைக்குக்கு வானம் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷீல்டுங்கறது அந்த மாமரம். உள் பக்கம் கருப்பா இருக்கற ஃபோம் ஷீட்ட உருட்டி, கண்ணாடிக்கு முன்னாடி குறுக்களவுல ஒண்ணரை மடங்கு நீட்டிட்டு இருக்கற மாதிரி மாட்டுங்க, சி8-க்கு ஒரு அடி. நீங்க உருக்குன யோகா மேட்டோட மிச்சமே போதும். நான் பல ராத்திரி ஷீல்ட மட்டும் வெச்சே ஓட்டியிருக்கேன். ஆனா மார்கழி தை மாசத்துல ஏரி, வயல் பக்கம் அது பத்தாது, நடுராத்திரிக்கு மேல தோத்துரும், அப்பதான் ஹீட்டர்.

இன்னொண்ணு, பட்டைய எங்க கட்டறீங்கன்னும் பாக்கணும். கண்ணாடி உக்காந்திருக்கற முன் வளையத்து மேல கட்டணும். ஒரு இஞ்சு பின்னாடி தள்ளி டியூப் மேல கட்டுனா அது அலுமினியம், சூட்ட எல்லாம் பின்னாடி இழுத்துட்டுப் போயிடும், கண்ணாடிக்கு ஒண்ணும் மிஞ்சாது. பட்டைக்கு வெளிப்பக்கம் ஃபோம் இருக்கணும், உள்பக்கம் மெல்லிசு துணி போதும். நெறய பேரு இத மாத்தி தச்சிட்டு ஊருக்கே சூடு குடுத்துட்டு இருப்பாங்க.

சால்டரிங் கை வராதவங்களுக்கு வேற வழியும் இருக்கு. ஹார்டுவேர் கடைல எலக்ட்ரிக் ஸ்டவ்வுக்கு 1000 வாட் காயில் விப்பான், சுருள் சுருளா, நிக்ரோம் கம்பி. 230 வோல்ட்ல 1000 வாட்னா 53 ஓம். அதுல கால்வாசி வெட்டுனா 13 ஓம், 12 வோல்ட்ல 11 வாட், முடிஞ்சுது வேலை. வெட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல அளந்துக்கங்க, பொறுமையா சுருள நீட்டி ஸ்லீவ் மாட்டி பட்டைக்குள்ள போறதும் வரதுமா மடிச்சு வெங்க. ஆனா நிக்ரோம்ல ஈயம் ஒட்டாது, எவ்வளவு நேரம் சுட்டாலும் உருண்டு ஓடிரும். கிரிம்ப் பண்ணணும், அதாவது உலோக முனைக்குள்ள விட்டு அமுக்கிப் பிடிக்கணும், இல்லன்னா ஸ்க்ரூ கனெக்டர்.

நிலாக்கிறுக்கன்:

மாமரம் மேட்டர் சூப்பர், எங்க தெருவுலயே தெனம் பாக்கறேன், யோசிச்சதே இல்ல. ஷீல்ட் போடல, ஒத்துக்கறேன்.

470 ஓம் ரெசிஸ்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல நூறா வாங்கிட்டேன், தனித்தனியா கேட்டா கடைக்காரர் மூஞ்ச ஒரு மாதிரி வெச்சார். இப்ப கன்ட்ரோலர். 10 வாட்டே நேரா குடுத்துட்டா என்ன ஆகும்? சும்மா சூடுதானே, ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே? நடுவுல ஒரு ஸ்விட்ச் மட்டும் வெச்சா பத்தாதா?

சால்டரிங்_சாமி:

ஜாஸ்தி சூடுதான் அடுத்த வில்லன். கண்ணாடி சூடானா அதுக்கு முன்னாடி பின்னாடி காத்து நெளியும், கோடைல தார் ரோட்டுக்கு மேல தூரத்துல பாத்தா நெளியுமே அதே கதைதான். வியாழன ஹை பவர்ல வெச்சா அது மேல தெரியற மேகப் பட்டை ரெண்டும் கரைஞ்சு போயிடும், ஃபோகஸ் சரியில்லயோன்னு நாப்ப திருகிட்டே இருப்பீங்க. கண்ணாடி டியூ பாயிண்ட்டுக்கு, அதாவது காத்துல இருக்கற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கற டிகிரிக்கு, ஒரு நூல் மேல இருந்தா போதும். தொட்டா வெதுவெதுன்னு கூட தெரியக் கூடாது.

அதுக்கு 555 டைமர் ஐசி ஒண்ணு போதும். 100கே பாட் (நாப்ப திருகி ஓம மாத்தற ரெசிஸ்டர்), அதோட ரெண்டு காலுக்கும் ஒவ்வொரு 1என்4148 டயோடு எதிரெதிரா, 10 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர். பாட்ட திருப்புனா எவ்வளவு நேரம் ஆன், எவ்வளவு நேரம் ஆஃப்னு மாறும், மொத்த சுத்து முக்கா செகண்டுக்கு கொஞ்சம் கம்மி, அது மாறாது. 555 அவுட்புட்லேருந்து 100 ஓம் வழியா ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டோட (ஹீட்டர ஆன் ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) கேட்டுக்கு, கேட்லேருந்து கிரவுண்டுக்கு 10கே. ஒரு ஆம்ப்புக்கு ஹீட் சிங்க்கே வேண்டாம், மாஸ்ஃபெட் ஜில்லுனு இருக்கும்.

கடைல ரெடிமேடா டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர்னு ரெண்டு பிரியாணி காசுக்கு கிடைக்கும், அதுவும் வேலை செய்யும். ஆனா அது பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல வெட்டும், எனக்கு அதே பேட்டரில கேமராவயும் மாட்டுனப்ப படத்துல கோடு கோடா வந்துச்சு. ஹீட்டர் என்ன ஃபேனா, வேகமா வெட்டறதுக்கு? கண்ணாடி மெதுவாதான் சூடாகும் மெதுவாதான் ஆறும், செகண்டுக்கு ஒரு தடவ ரெண்டு தடவ வெட்டுனா அதுக்கு ஏராளம்.

சாக்கெட்டுக்கு ஆர்சிஏ போடுங்க, பழைய விசிடி பிளேயர் பின்னாடி இருக்குமே மஞ்சள் வெள்ளை செவப்பு, அதேதான். கம்பெனி பட்டை எல்லாம் பெரும்பாலும் அந்த பின்தான், நாளைக்கு கடைல ஒண்ணு வாங்குனாலும் உங்க பெட்டில மாட்டலாம். பிளஸ்ஸ நடுப் பின்னுக்கு குடுங்க. பெட்டி மேல எல்இடி வெச்சா செவப்பா வெச்சு மேல கருப்பு டேப்ல ஊசி ஓட்டை போடுங்க. நீல எல்இடி வெச்சிட்டு வந்த ஒரு மகான எங்க குரூப்ல இன்னும் மறக்கல.

ஆர்டுயினோ_அக்கா:

555 எல்லாம் சரிதான் சாமி அண்ணா, ஆனா ராத்திரி பூரா நாப்ப யாரு திருகிட்டு இருக்கறது? எட்டு மணிக்கு இருக்கற ஈரம் ரெண்டு மணிக்கு இருக்காது. படம் எடுக்கறவங்க டெலஸ்கோப்ப ஓட விட்டுட்டு தூங்கணும், அதுக்கு தானா பாத்துக்கற கன்ட்ரோலர்தான் லாயக்கு.

நான் பண்ணது ஆர்டுயினோ நானோ, புரோகிராம் போடற குட்டி போர்டு, காத்தோட சூடு ஈரப்பதம் பாக்க டிஎச்டி22, கண்ணாடி வளையத்துல ஒட்டறதுக்கு டிஎஸ்18பி20, மாஸ்ஃபெட் ஒண்ணு. காத்து 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னா டியூ பாயிண்ட் 18.3. பாத்தீங்களா, 1.7 டிகிரிதான் இடைவெளி, கண்ணாடி தானா ரெண்டு மூணு டிகிரி எறங்கற ஆளு, அப்ப நனையாம எப்படி இருக்கும்? ஃபார்முலா பயமா இருந்தா சுருக்கு வழி இருக்கு, ஈரப்பதம் 100-லேருந்து எத்தன கம்மியோ அத அஞ்சால வகுத்து காத்தோட டிகிரில கழிச்சிருங்க. ஈரப்பதம் 50-க்கு மேல இருக்கற வரைக்கும் கிட்டத்தட்ட சரியா வரும், நமக்கு அதுக்கு கீழ எதுக்கு? கண்ணாடி டியூ பாயிண்ட் பிளஸ் ரெண்டு டிகிரில நிக்கணும்னு புரோகிராம்ல வெச்சிருக்கேன். தூரமா இருந்தா பவர் ஜாஸ்தி, கிட்ட வர வர கம்மி.

ஆனா ஆர்டுயினோ போடறவங்க ஐஆர்எஃப்இசட்44என் போடாதீங்க. அதுக்கு கேட்ல 10 வோல்ட் வேணும், நானோ தர்றது 5, அரைகுறையா தொறந்துட்டு மாஸ்ஃபெட்டே சுடும். ஐஆர்எல்இசட்44என் வாங்குங்க, நடுவுல எஃப்-க்கு பதிலா எல். கடைல "ரெண்டும் ஒண்ணுதான்மா"ன்னு சொல்லுவாங்க, ஒண்ணு இல்ல.

என் கூத்து ஒண்ணையும் சொல்லிடறேன். ஒரு ராத்திரி கண்ணாடி சென்சார் ஒயர் மவுண்ட்ல மாட்டி பிஞ்சிருச்சு. டிஎஸ்18பி20 காணாம போனா அந்த லைப்ரரி -127 டிகிரின்னு குடுக்கும். என் புரோகிராம் அத அப்படியே நம்பி, அய்யோ கண்ணாடி அண்டார்டிகாவ விட கேவலமா ஒறஞ்சு போச்சேன்னு முழு பவரத் தொறந்து விட்டுருச்சு. நான் உள்ள நல்லா தூங்கிட்டு இருக்கேன். காலைல பேட்டரி காலி, நூத்திப்பத்து படத்துல ஒண்ணுல கூட நட்சத்திரம் உருண்டையா இல்ல. இப்ப -127 வந்தாலோ, சென்சார் ஆரம்பிக்கறப்ப தர்ற 85 வந்தாலோ அத நம்பாம முப்பது சதவீதத்துல நில்லுன்னு ரெண்டு வரி சேத்துட்டேன். டிஎச்டி22-வும் வானத்தப் பாத்த மாதிரி வெச்சா அதுவே நனஞ்சு 99.9-லயே நிக்கும். டிரைபாட் தட்டுக்கு அடில, பேட்டரி சூடு படாம தொங்க விடுங்க.

சால்டரிங்_சாமி:

இதுக்குத்தான்மா சொல்றேன், 555-க்கு கற்பனை எல்லாம் வராது.

வன்னியான்_டொராண்டோ:

நான் கனடாவில இருக்கிறன், ஊரில இருக்கேக்க டெலஸ்கோப் எண்டு ஒண்டும் இல்லை, இஞ்ச வந்துதான் இந்த விசர் பிடிச்சது. இஞ்ச ஆகஸ்ட் செப்டம்பரில பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டும், பிறகு குளிர் வந்தால் தண்ணியா இல்லாமல் நேர உறைபனியாவே கண்ணாடியில பூக்கும். அண்ணை சொன்ன மாதிரி 10 வாட் இஞ்ச ஜனவரியில காணாது, நான் 16 வாட் போட்டனான். பற்றரியும் குளிருக்கு படுத்திடும், லெட்-ஆசிட்ட பெட்டிக்குள்ள பழைய ஜம்பர் சுத்தி வைக்கிறனான்.

ஒரு விசயம் சொல்லுறன் தம்பி, பனி பிடிச்சாப் பிறகு ஹீட்டரப் போட்டு காரியமில்லை. கண்ணாடி சூட்டைக் கடத்தாது, விளிம்பு காய்ஞ்சு நடுவில வட்டமா ஈரம் அப்பிடியே நிக்கும், அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூடியைக் கழட்டுற நேரமே ஹீட்டரைப் போடுங்கோ. பிந்தினால் ஹெயார் டிரையர்தான், அதுவும் தூரப் பிடிச்சு மெல்லிய சூட்டில. முடிச்சிட்டு ஈரத்தோட மட்டும் மூடி வைச்சிடாதேங்கோ, பிறகு பூஞ்சணம் பிடிச்சால் கண்ணாடியில கோலம் போட்ட மாதிரி வரும், அது போகாது.

நிலாக்கிறுக்கன்:

மூணு வாரம் கழிச்சு அப்டேட். 555-தான் பண்ணேன், அக்கா மன்னிக்கணும், கோடிங் இன்னும் வரல.

பட்டைய ஒட்டி முடிச்சு மீட்டர் வெச்சா, லீட் ஒயரோட ஓம கழிச்சும் 14.7 காட்டுது. 33 ரெசிஸ்டருக்கு 14.2 வரணுமே. ரெசிஸ்டர் எல்லாமே கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும்னு விட்டுடலாம்னு பாத்தேன், அப்புறம் சும்மா 470-ஐ 32-ஆல வகுத்தா 14.69. ஒண்ணு ஒட்டலன்னு மண்டைல அடிச்ச மாதிரி புரிஞ்சுது. ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்துட்டே வந்தா பதினெட்டாவது, ஈயம் மேல பளபளன்னு உக்காந்திருக்கு, உள்ள கால் தனியா ஆடுது. திருப்பி சுட்டதும் 14.2 வந்துச்சு. நம்புனா நம்புங்க, வேலைக்கு சேந்து முதல் சம்பளம் வாங்குனப்ப கூட இவ்வளவு சந்தோஷம் இல்ல.

பட்டைய எங்க ஏரியா டெய்லர் கிட்ட குடுத்து வெல்க்ரோ தச்சேன். என்ன தம்பி இடுப்பு வலியான்னு கேட்டார். ஆமா அண்ணேன்னு சொல்லிட்டேன், விளக்குனா கடைய சாத்தற நேரமாயிடும்.

போன சனிக்கிழம அதே கொல்லைல போட்டோம். 18 டிகிரி, ஈரப்பதம் 93, அக்கா சொன்ன அஞ்சால வகுக்கற கணக்குல டியூ பாயிண்ட் 16.6. பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் சேர்ல கைய வெச்சா வழியுது. ஷீல்ட் போட்டு, மூடி கழட்டுனதுமே ஹீட்டரும் ஆன். முதல்ல பயத்துல நாப்ப முழுசா வெச்சுட்டேன், சாமி சார் சொன்ன அதே நெளிவு, வியாழன் தண்ணிக்குள்ள கெடக்கற காசு மாதிரி ஆடுச்சு. நாப்பது சதவீதத்துக்கு எறக்கி இருவது நிமிஷம் விட்டேன், வியாழனோட பட்டை ரெண்டும் கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. காலைல நாலு மணி வரைக்கும் கண்ணாடில ஒரு சொட்டு இல்ல. பேட்டரி எடுத்துட்டு வந்து அளந்தா 12.3 வோல்ட் இருக்கு.

ஆனா ஒரு மணிக்கு மேல ஃபைண்டர், அதான் குறி பாக்க மேல மாட்டற குட்டி டெலஸ்கோப், ரெண்டு பக்கமும் நனஞ்சு போச்சு, எதையும் தேட முடியல. கண்ணு வெச்சு பாக்கற ஐபீஸ் லென்ஸும் அப்படித்தான், குனிஞ்சு பாத்தா என் மூச்சே அதுல அப்பிக்குது.

சால்டரிங்_சாமி:

நூறு ரெசிஸ்டர் வாங்குனீங்கல்ல, மிச்சம் 67 இருக்கு. 50 மி.மீ. ஃபைண்டருக்கு அதே 470-ல ஏழு போதும், ரெண்டு வாட் வரும். அதே 555 பெட்டில ரெண்டாவது ஆர்சிஏ சாக்கெட் ஒண்ணு போட்டு பேரலலா குடுத்துருங்க, தனி நாப் எல்லாம் வேண்டாம். ஐபீஸுக்கு தனியா ஒண்ணும் பண்ணாதீங்க, மாத்தி மாத்தி சட்டைப் பைல போட்டு வெச்சுக்கங்க, ஒடம்பு சூடே போதும். பாக்கறப்ப மூச்ச பக்கவாட்டுல விடுங்க.

மலையோரம்:

அப்புறம் அந்த ஃபைண்டர் பட்டையையும் அதே டெய்லர் கிட்ட குடுத்துராதீங்க, இந்த தடவ முழங்கை வலியான்னு கேப்பார்.

நிலாக்கிறுக்கன்:

கழுத்துல கட்டறதுன்னு சொல்லிக்கறேன் சார். ஏழு ரெசிஸ்டர்தானே, இன்னிக்கு ராத்திரியே ஒட்டிடறேன்.